ஊருக்குள்ளதானுங்ணா

"வண்டி எங்க ஓடும், தம்பி?" என்று கேட்டது நான்தான்.

"ஊருக்குள்ளதானுங்ணா. மார்க்கெட்டு, சந்தை, அவ்வளவுதான்."

கேட்டவுடனே வந்த பதில் இல்லை இது. நடுவில் கொஞ்சம் நேரம் போனது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழட்டி வைத்திருந்த பிரேக் டிரம்மைப் பார்த்தார். நானும் டிரம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பச் சரி" என்றேன். அந்த "அப்பச் சரி"தான் ஒரு வருஷமாக என்னை விடமாட்டேன் என்கிறது.

2009 மாடல் சின்ன யானை, டாடா ஏஸ். 82,000 ரூபாய்க்கு வாங்கி, கட்டி என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். வேலைக்கென்று கையில் 35,000. அதற்கு மேல் பத்து ரூபாய் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சீட்டைத் தூக்கி டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. என்ஜின் ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் கலந்திருந்தது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் எடுத்து, கேஸ்கட் போட்டு, உக்கடத்தில் அலைந்து ஒரு பழைய ரேடியேட்டர் பிடித்தேன். பின்பக்கப் பிளாட்பாரத் தகடு துருப்பிடித்து, கீழே ரோடு தெரிந்தது. அதை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங். கமான் பட்டையில் ஒன்று முறிந்திருந்தது. ரெண்டு டயர். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், அதனால் பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர்.

பிரேக்கைக் கடைசியில்தான் திறந்தேன். தப்பு என்றால் அங்கேயேதான் ஆரம்பம். வண்டி கிளம்புவதை முதலில் பார்ப்போம், நிற்பதை அப்புறம் பார்ப்போம் என்று நினைக்கிற புத்தி எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. ஓடாத வண்டிக்குப் பிரேக் எதற்கு என்று அப்போது நியாயம் சொல்லிக்கொண்டேன். இன்றும் அதில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

பெடலை மிதித்தால் டிரம்முக்குள் பிரேக்கை விரிக்கிறது வீல் சிலிண்டர். பின்பக்க இடது பக்கத்துச் சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி எடுத்து, துணியால் துடைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கடுகு அளவில் மூன்று குழி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் உள்ளேயே இருந்து இரும்பை அரிக்கும். சுண்டுவிரல் நகத்தை ஓட்டினேன், தட்டியது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் நகம் தட்டினால் சிலிண்டரைத் தூக்கிப் போடச் சொல்வார். குழியின் விளிம்பு உள்ளே ஆயிலை அடைத்து நிற்கிற ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும், வேறு பேச்சே இல்லை என்பார்.

ரெண்டு பக்கமும் புதுசு போட்டால் ஆயிரத்து சொச்சம் ஆகும். பழைய சிலிண்டரிலேயே ரப்பரை மட்டும் மாற்றுகிற கிட் என்றால் 200 ரூபாய்க்குள் முடியும். அதற்குள் கணக்கு 36,000-ஐத் தொட்டிருந்தது, என் கூலியில் 2,000 விட்டுக்கொடுத்திருந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொன்னதும் எமரி பேப்பரைச் சுருட்டி உள்ளே தேய்த்து, கிட் போட்டு, ஏர் எடுத்து மூடிவிட்டேன். பெடல் கல் மாதிரி நின்றது.

எமரி போட்ட பிறகு நகத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கவில்லை. மறந்துபோய் அல்ல.

நான்கு மாதம் கழித்து வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "வால்பாறைக்கு வாரம் மூணு நடை கிடைச்சிருக்குங்ணா. காய் ஏத்திட்டுப் போறேன். வண்டி அருமையா ஏறுது." எப்போதிலிருந்து என்று கேட்டேன். வண்டி எடுத்த மூன்றாவது வாரத்திலிருந்தாம். "இறங்கறப்ப மட்டும் பெடல் கீழ போகுதுங்ணா. ரெண்டு தடவை மிதிக்கோணும். அப்புறம் நிக்குது."

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. கூட யார் வருவார்கள் என்று கேட்டேன். சம்சாரம் வருமாம், பள்ளிக்கூடம் லீவு என்றால் பையனும்.

இடது பின் டயரின் உள்பக்கம் பளபளவென்று ஈரமாக இருந்தது. டிரம்மைக் கழட்டினால் லைனிங் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது. கிட் ரப்பரில் ஒரு பக்கம் நூல் பிரிந்த மாதிரி அறுந்திருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஏறின கியரிலேயே இறங்குகிற பழக்கம் அவருக்கு இருந்தது, முன்பக்க டிஸ்க் நன்றாக இருந்தது, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நான் மறுத்திருந்தால் வேறு பட்டறைக்குப் போயிருப்பார், அங்கே கிட்கூடப் போடாமல் ஆயிலை ஊற்றி அனுப்பியிருப்பார்கள். இதுவும் உண்மைதான். பொய் சொன்னது அவர்தானே என்றும் ராத்திரியில் தோன்றும். ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது தெரிந்துகொள்ளவா? "ஊருக்குள்ளதான்" என்று அவர் வாயால் வரவேண்டும் என்று கேட்டேன். வந்ததும் பிடித்துக்கொண்டேன். 750 கிலோ ஏற்றுகிற வண்டியை வாங்குகிறவர் எந்த வாடகை வந்தாலும் போவார் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்குள் ஓடினால் மட்டும் என்ன, எதிரே குழந்தைகள் வரமாட்டார்களா? பெயின்ட்டை இன்னும் மட்டமாக அடித்திருந்தால் அந்த ஆயிரம் கிடைத்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அதிலிருந்து பிரேக் வேலையில் பேரம் இல்லை என்று வைத்திருக்கிறேன். முழுசாகச் செய், இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போ. போன மாதம் ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு நாள் கழித்து உடுமலை ரோட்டில் அதே வண்டி தேங்காய் பாரத்தோடு என்னைத் தாண்டிப் போனது. என் கை சுத்தமாக இருந்தது. வண்டி எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு ரெண்டு பக்கமும் புது சிலிண்டர், புது லைனிங் போட்டேன். சாமான் காசு மட்டும் வாங்கினேன். அவர் டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய சிலிண்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதை அப்பவே மாத்தியிருக்கோணுங்களா?"

"அப்ப நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி" என்றேன்.

தலையாட்டிக்கொண்டு கீழே வைத்தார். அடுத்த மாதம் எஃப்சி-க்கு வண்டி வருகிறது. டிரம்மைக் கழட்டும்போது எப்போதும் போல என் பக்கத்தில்தான் உட்காருவார்.