கரூருக்குப் பிறகு யாரும் உட்காராத நாற்காலி

2025 செப்டம்பரில் சி.பி. ராதாகிருஷ்ணன் துணைக் குடியரசுத் தலைவர் ஆனார். அவருக்கு 452 வாக்கு, எதிரணி வேட்பாளர் சுதர்சன் ரெட்டிக்கு 300. பக்கத்துத் திருப்பூர்க்காரர் என்பதால் எங்கள் ஏற்றுமதி அலுவலகத்தில் நாள் முழுக்க இதே பேச்சு. எதிரணி ஓட்டு எத்தனை இந்தப் பக்கம் சாய்ந்தது, செல்லாத ஓட்டுப் போட்டது யார் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். எனக்கு அதைவிட, அந்த நாற்காலி காலியாகக் கிடந்த நாட்கள்தான் சுவாரஸ்யமாகப் பட்டன. துணைக் குடியரசுத் தலைவர்தான் மாநிலங்களவைக்கும் தலைவர். ஜூலை 21 இரவு, அந்தப் பதவியில் இருந்த ஜகதீப் தன்கர் திடீரென்று ராஜினாமா செய்தார். மறுநாள் அவை கூடியதும் மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் வந்து உட்கார்ந்தார். அவை நடந்ததா என்பது வேறு விஷயம், பெரும்பாலும் கூச்சல்தான் நடந்தது. ஆனால் யார் தலைமையில் கூச்சல் போடுவது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை.

இதே மக்களவையில் நடந்திருந்தால்? அரசியல் சட்டத்தின் 94-ஆவது பிரிவுப்படி சபாநாயகர் பதவி விலக நினைத்தால் கடிதத்தைத் துணை சபாநாயகருக்கு எழுத வேண்டும். துணை சபாநாயகர் விலகினால் சபாநாயகருக்கு எழுத வேண்டும். நாளைக்கு ஓம் பிர்லாவுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றினால் கடித உறையின் மேல் எழுத ஒரு பெயர் கிடையாது. 2019 மே மாதத்திலிருந்து இந்த நிலைமைதான். 17-ஆவது மக்களவை ஐந்து வருடமும் துணை சபாநாயகர் இல்லாமலே ஓடி முடிந்தது. அதற்கு முன்னால் எந்த மக்களவையும் அப்படி முடிந்ததில்லை. 18-ஆவதும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

அந்த நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்தவர் எங்கள் ஊர் எம்.பி. அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் அக்கறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2014-இல் கரூரில் ஜெயித்துப் போன தம்பிதுரையை அந்த ஆகஸ்டில் ஒருமனதாகத் துணை சபாநாயகர் ஆக்கினார்கள். பாஜக அப்போது தனிப் பெரும்பான்மையோடு உட்கார்ந்திருந்தது. காங்கிரசுக்கு 44 இடம்தான், எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூடக் கிடைக்கவில்லை. 37 இடத்தோடு அதிமுக மூன்றாவது பெரிய கட்சி. ஆளும் கூட்டணியிலும் இல்லை, காங்கிரஸ் பக்கமும் இல்லை. கொடுப்பதற்கு மோடிக்கும் சங்கடமில்லை, வாங்கிக்கொள்ள ஜெயலலிதாவுக்கும் சங்கடமில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன், வசதியான ஏற்பாடு என்பேன். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. துணை சபாநாயகர் அவையை நடத்தாத நேரத்தில் சாதாரண உறுப்பினர் மாதிரி எழுந்து பேசலாம். 2019 ஜனவரியில் பொதுப் பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டு மசோதா வந்தபோது தம்பிதுரை எழுந்து எதிர்த்துப் பேசினார். 3 பேர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட, 323 பேர் ஆதரவோடு மசோதா நிறைவேறியது. சரி, நிறைவேறட்டும். அவையின் இரண்டாவது பெரிய பதவியில் இருக்கிற ஆள் அரசின் மசோதாவை எதிர்த்துப் பேசினார் என்பது பதிவில் இருக்கிறது.

அடுத்த தேர்தலில் அவரை நான்கு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்கடித்து காங்கிரசின் ஜோதிமணியை அனுப்பினோம். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குள் ஆட்கள் குதித்து வண்ணப் புகை விட்டார்களே, அதற்கு உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்காக மறுநாளே சஸ்பெண்ட் ஆனவர்களில் ஜோதிமணியும் ஒருவர். அந்தப் பட்டியலில் சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்றைக்கு அவையிலேயே இல்லை! அப்புறம் அவர் பெயரை மட்டும் நீக்கினார்கள். கூட்டத்தொடர் முடிவதற்குள் இரண்டு அவையிலும் சேர்த்து 146 பேர் வெளியே. உள்ளே எதிர்க்கட்சி வரிசை காலியாக இருந்தபோதுதான் மூன்று குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டமும் அதில் ஒன்று. ஒரே தொகுதி. ஒரு மக்களவையில் எங்கள் ஆள் அந்த நாற்காலியில் இருந்தார். அடுத்த மக்களவையில் எங்கள் ஆள் வாசலுக்கு வெளியே பதாகை பிடித்துக்கொண்டு இருந்தார்.

என் மனைவியின் தாய்மாமா எம்.ஜி.ஆர். காலத்து இரட்டை இலைக்காரர். அவரிடம் இதைச் சொன்னால், "எங்க தம்பிதுரைக்கப்புறம் அதுல உக்கார யாருக்கு மாப்ள தகுதி இருக்குது, அதான் சும்மா விட்டுட்டாங்க" என்பார். தம்பிதுரை 1985 முதல் 1989 வரையும் அதே பதவியில் இருந்தவர் என்பதை நினைவுபடுத்தாமல் பேச்சை முடிக்க மாட்டார். அதற்கு முன் 1980-இலிருந்து 1984 வரை வடசென்னையின் ஜி. லட்சுமணன், திமுக. அந்த விவரத்தை மாமா சொல்ல மாட்டார், நான்தான் சொல்லியாக வேண்டும்.

துணை சபாநாயகர் பதவி எதிர்க்கட்சிக்கு என்பது எழுதி வைத்த சட்டம் இல்லை, வெறும் வழக்கம். அந்த வழக்கமும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. லட்சுமணன் காலத்தில் திமுக இந்திரா காங்கிரசோடு கூட்டணி வைத்து ஜெயித்த கட்சி. 1985-இல் அதிமுக ராஜீவ் காந்தியின் கூட்டாளி. நிஜமான எதிராளிக்குக் கொடுப்பது 1990-க்குப் பிறகுதான் நிலைத்தது. வி.பி. சிங் ஆட்சியில் காங்கிரசின் சிவராஜ் பாட்டீல். நரசிம்ம ராவ் ஆட்சியில் பாஜகவின் மல்லிகார்ஜுனையா. தேவகவுடா காலத்தில் பாஜகவின் சூரஜ் பான். வாஜ்பாய்க்குக் காங்கிரசின் பி.எம். சயீத். மன்மோகன் சிங்குக்கு முதல் ஐந்து வருடம் அகாலி தளத்தின் அட்வால், அடுத்த ஐந்து வருடம் பாஜகவின் கரியா முண்டா. பாபர் மசூதி இடிப்பு, அணுகுண்டுச் சோதனை, 2ஜி என்று கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்ட வருடங்கள் இவை. பங்காளிச் சண்டை முற்றியிருக்கும்போதும் பெட்டிச் சாவியில் ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்கள்.

இதில் சயீத் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லட்சத்தீவுக்காரர், 1967-இலிருந்து தொடர்ந்து பத்து முறை ஜெயித்தவர் (2004-இல் 71 ஓட்டில் தோற்றார், பாவம்). 2002 மார்ச் 3-ஆம் தேதி சபாநாயகர் பாலயோகி ஆந்திராவில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். குஜராத் கலவரம் உச்சத்தில் இருந்த நேரம். வாஜ்பாய் அரசுக்கு அதைவிட மோசமான ஒரு கூட்டத்தொடர் அமைந்திருக்க முடியாது. மனோகர் ஜோஷி மே 10-ஆம் தேதி புது சபாநாயகராக வரும் வரைக்கும் மக்களவையின் தலைமைப் பொறுப்பு ஒரு காங்கிரஸ்காரர் கையில் இருந்தது. ஏப்ரல் 30-ஆம் தேதி குஜராத் பற்றி வாக்கெடுப்போடு கூடிய விவாதம் நடந்ததும் அந்த இடைவெளியில்தான். விவாதம் விடிய விடிய நடந்தது, வாக்கெடுப்பில் அரசு ஜெயித்தது. ஆட்சியும் கவிழவில்லை, வானமும் இடிந்து விழவில்லை.

2024-க்கு வருவோம். பாஜக 240, காங்கிரஸ் 99. தனிப் பெரும்பான்மை போய்விட்டது, இனிமேலாவது இறங்கி வருவார்கள் என்று நானும் நினைத்தேன். ஓம் பிர்லாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கிறோம், துணை சபாநாயகர் பதவியை எங்களுக்குத் தருவோம் என்று வாக்குக் கொடுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. முதலில் இதை முடியுங்கள், அதை அப்புறம் பார்க்கலாம் என்பது அரசின் பதில். கேரளத்தின் கொடிக்குன்னில் சுரேஷைப் போட்டிக்கு நிறுத்தினார்கள். சபாநாயகர் பதவிக்குப் போட்டி நடப்பதே அபூர்வம். ஜூன் 26-ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் பிர்லா ஜெயித்தார், எதிர்க்கட்சிகள் ஓட்டு எண்ணச் சொல்லி வற்புறுத்தவில்லை. மோடியும் ராகுலும் சேர்ந்து அவரை நாற்காலி வரைக்கும் அழைத்துப் போனார்கள், கை குலுக்கினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கே பிர்லா நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் வாசித்தார், காங்கிரஸ்காரர்கள் எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். நல்லிணக்கம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

துணை சபாநாயகர் இல்லாவிட்டால் என்ன, மாற்றுத் தலைவர்கள் பட்டியலில் இருப்பவர்கள் வந்து அவையை நடத்திக்கொள்கிறார்களே என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டார். அவர் பாஜக அனுதாபி, விவரமான பையன். நடத்துகிறார்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் போடுவது சபாநாயகர். துணை சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது அவை. சபாநாயகர் நினைத்தால் அவரை எடுத்துவிட முடியாது. சபாநாயகர் பதவியே காலியானால் பொறுப்பு தானாக அவருக்குப் போகும். எதிரணிக்காரர் ஒருவருக்கு அப்படியோர் உறுதியான இடம் இருப்பதுதான் ஆளும் தரப்புக்குக் கசக்கிறது என்று நினைக்கிறேன். பாஜக மட்டும்தான் இப்படி என்று சொல்லவும் முடியாது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி நோட்டீஸ் அனுப்பியபோது, துணை சபாநாயகர் இல்லாத ஐந்து மாநிலங்களும் வழக்கில் இருந்தன. அன்றைக்குக் காங்கிரஸ் ஆண்டுகொண்டிருந்த ராஜஸ்தானும் அதில் ஒன்று.

2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவைக்கு ஒதுக்கிய 120 மணி நேரத்தில் 37 மணி நேரம்தான் வேலை நடந்தது. ஆபரேஷன் சிந்தூர் விவாதம் ஒன்றுதான் உருப்படி. மற்ற நாளெல்லாம் பீகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் போனது. அதைப் பேச விட மாட்டோம் என்று ஒரு தரப்பு, வேறெதையும் பேச விட மாட்டோம் என்று இன்னொரு தரப்பு. ஆகஸ்ட் 21-ஆம் தேதி கூட்டத்தொடர் முடிந்தது, ஆகஸ்ட் 27-ஆம் தேதி எங்கள் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. கரூரிலிருந்து போகிற திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு எல்லாவற்றுக்கும்தான். ஆர்டரை நிறுத்தி வையுங்கள் என்று வந்த மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதுதான் அப்போது என் வேலை. வரி பற்றி வர்த்தக அமைச்சர் இரண்டு அவையிலும் ஓர் அறிக்கை வாசித்ததோடு சரி. ஜவுளித் தொகுதி எம்.பி.க்கள் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கிற மாதிரி ஒரு விவாதம் நடக்கவில்லை. துணை சபாநாயகர் இருந்திருந்தால் வரி குறைந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. இரண்டு தரப்பையும் அறைக்குள் கூப்பிட்டு, "காலையில் பீகார், மதியம் ஜவுளி" என்று பேரம் பேச எதிரணி நம்புகிற ஓர் ஆள் மேலே இருந்திருப்பார், அவ்வளவுதான்.

2025 ஜூன் மாதம் காங்கிரஸ் தலைவர் கார்கே பிரதமருக்குத் துணை சபாநாயகர் பதவி பற்றிக் கடிதம் எழுதினார். தேர்தல் தேதியைக் குறிக்க வேண்டியவர் சபாநாயகர். அரசியல் சட்டத்தின் 93-ஆவது பிரிவு "கூடிய விரைவில்" என்று சொல்கிறதே தவிர எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்தே ஆறு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "சரிங்கண்ணா, நம்ம சட்டமன்றத்துல துணை சபாநாயகர் பிச்சாண்டி எந்தக் கட்சிங்க?" என்றார். திமுக. அப்போதைய ஆளும் கட்சிதான். நியாயமான கேள்வி. அதையும்தான் எடப்பாடியிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றேன். பக்கத்து மேசை உடன்பிறப்பு ஒருவர் இன்னும் என்னோடு பேசவில்லை.