சேவகனின் நாலு வரி

மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்து தேக்காவில் ஒரு தோசையை விழுங்கிவிட்டு ஓடியும் ஒத்திகைக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைத் தமிழில் போடுகிறோம், எனக்கு மக்பெத் மனைவி வேடம். பேராசை பெருநஷ்டம், அவ்வளவுதான் கதை என்று குழுவில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அவன் ஆசைப்பட்டது இரண்டாம் அங்கத்திலேயே கைக்கு வந்துவிடுகிறதே. அரசன் டங்கனைக் கொன்றாயிற்று, மகுடமும் சூட்டியாயிற்று, அப்புறம் மூன்று அங்கம் எதற்கு?

மார்ச் 6, வியாழன்

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே மூன்றாம் அங்கம் படித்தேன். நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதைக் கையோடு கடிதமாக எழுதி மனைவிக்கு அனுப்பியவன்தானே இவன்? அரசனான பிறகு அவனிடம் இரண்டு வார்த்தை பேச அவள் சேவகனிடம் சொல்லியனுப்ப வேண்டியிருக்கிறது! நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ததையும் அவளிடம் சொல்வதில்லை; என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் செல்லம், முடிந்ததும் பாராட்டு என்று மழுப்புகிறான். கொலையில் கூட்டாளியாக இருந்தவள், விருந்தில் அவன் பாங்க்வோவின் பேயைப் பார்த்து அலறும்போது விருந்தாளிகளைச் சமாளிக்கிறவளாகிவிட்டாள். என்னைக் கேட்டால் சரிவு இங்கேதான்.

(உண்மையான மக்பெத் 1040 முதல் 1057 வரை, 17 வருடம் ஆண்டிருக்கிறான். நாடகத்தில் பாவம், ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கவில்லை.)

மார்ச் 9, ஞாயிறு

ஐந்தாம் அங்கம், ராணி தூக்கத்தில் நடக்கும் காட்சி. ரத்தக்கறை போகவில்லையென்று அவள் கை கழுவுவதைப் பார்க்கத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் தோழி வைத்தியரிடம் சொல்வது: அவன் போருக்குப் போனதிலிருந்து ராணி தூக்கத்திலேயே எழுந்து, காகிதம் எடுத்து மடித்து, எழுதி, படித்து, முத்திரை வைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறாளாம். என்ன எழுதினாள் என்று ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. அந்தப் பழைய கடிதத்துக்குப் பதில்தான் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

நாடகம் நீளுகிறதென்று இயக்குநர் அண்ணன் அந்தச் சேவகன் காட்சியை வெட்டிவிட்டார். நாலு வரிதான்.

"யாரும்மா கவனிக்கப்போறா?"

"அதை வெட்டினா அஞ்சாம் அங்கத்துக்கு நான் எப்படிண்ணே போறது?"

அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு, சரி, ஆளை நீயே பிடி என்றார். டங்கனாக நடிப்பவர் செத்த பிறகு பின்னால் கோப்பி குடித்துக்கொண்டு சும்மாதான் இருப்பார். கேட்டேன், சரி என்றுவிட்டார். தாடியை மட்டும் கழற்றிவிட்டு வர வேண்டும்.