வருமானம் குறையும்போது எந்தக் கடனை முதலில் கட்டுவது?

வேலை நேரம் குறையும், சம்பளம் தள்ளிப்போகும், வியாபாரம் படுக்கும். தவணை மட்டும் அதே தேதியில் அதே தொகையாக வந்து நிற்கும். பொருளாதாரம் தளரும்போது கடன் கழுத்தை நெரிப்பது இதனால்தான். ஆகவே முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: பாக்கி அசல், வட்டி, மாதத் தவணை, கெடு தேதி, தவறினால் எது கையைவிட்டுப் போகும் என்பது. கடைசி விவரத்தைப் பலரும் எழுதுவதில்லை. கைமாற்று, அடகு, பிறருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாமே அந்தத் தாளில் வர வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது கிரெடிட் கார்டு பில்லில் இருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'. பாக்கி 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டி ஏறி பாக்கி 1,03,000 ஆகும், கேட்பது 5,150. அதில் 3,000 வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது 2,150தான். பாக்கி குறையக் குறையக் கேட்கும் தொகையும் சுருங்கும். இப்படியே போனால் பாதிக் கடன் அடையவே 32 மாதம் பிடிக்கும். பில் எவ்வளவு கேட்டாலும் சரி, முதல் மாதம் கட்டிய அந்த 5,150-ஐயே விடாமல் கட்டிப் பாருங்கள்: 30 மாதத்தில் மொத்தக் கடனும் தீரும். கூடுதலாக ஒரு காசு முதல் மாதம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கு பலிக்க, அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. பாக்கி நிற்கும்போது பல கார்டுகளில் வட்டியில்லா நாட்கள் ரத்தாகிவிடும். வாங்கிய அன்றே வட்டி ஓடும். கார்டில் பணமாக எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதி, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

கட்டும் வரிசைக்கு வருவோம். வாடகை, உணவு, மருந்து முதலில். பிறகு, தவறினால் வீடோ பிழைப்புக்கான வண்டியோ கருவியோ பறிபோகும் கடன்கள். மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி, மிஞ்சும் பணம் முழுவதையும் வட்டி அதிகமான ஒரே கடனில் போடுங்கள். சத்தம் போட்டு மிரட்டுகிறவருக்கு முதலில் கொடுப்பதுதான் மனித இயல்பு. ஆனால் அவருடைய கடன்தான் அவசரமானது என்பதில்லை.

ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்குமுன், வட்டி எதன்மேல் போடுகிறார்கள் என்று கேளுங்கள். 1,00,000-க்கு ஓராண்டு 'பிளாட்' 12 சதவீதம் என்றால் மாதத் தவணை 9,333. அசல் மாதாமாதம் குறைந்தும் வட்டி முழு அசலுக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் பாக்கியின்மேல் கணக்கிட்டால் இது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 21.5 சதவீதம்.

தவணை தவறும் என்று தெரிந்தவுடனே, தவறுவதற்கு முன்பே, கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். தவறிய பிறகு அபராதமும் சேர்ந்துகொள்ளும், பேரம் பேசும் பலமும் போய்விடும். தவணை ஒத்திவைப்பு கிடைத்தால் அது தள்ளுபடி ஆகாது: ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மூன்று மாதம் ஒத்திவைத்தால் 1,00,000 பாக்கி 1,03,030 ஆகிவிடும். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

விற்றுத்தான் அடைக்க வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள். எல்லாரும் கடனடைக்க ஒரே நேரத்தில் விற்கும்போது விலை சரிகிறது, மிஞ்சிய கடன் இன்னும் கனக்கிறது; பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1933இல் விளக்கியது இந்தச் சுழலைத்தான். மக்கள் செலவழித்தால்தான் பொருளாதாரம் எழும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மாதம் 3 சதவீத வட்டிக்கு வாங்கிச் செலவழிப்பவரின் அடுத்த ஆண்டு வருமானம் வட்டிக்குத்தானே போகும்? தாராளமாகச் செலவழிப்பது, கையில் காசும் உறுதியான வருமானமும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

கார்டு பாக்கியை முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த பில்லைத் திறந்து பாருங்கள். பில் போட்ட நாளிலிருந்து கட்டிய நாள்வரை ஓடிய சில நாள் வட்டி அதில் வரக்கூடும். சின்னத் தொகைதானே என்று விட்டால் தாமதக் கட்டணம் ஏறும். அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.