பச்சை மூடி வேண்டாம், ஊதா மூடி: மரபணு ஊக்கமருந்துச் சோதனைக்குக் குதிரை ரத்தத்தைச் சேமிப்பது

பந்தயம் முடிந்ததும் குதிரையின் கழுத்துச் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தம், வழக்கமான மருந்துச் சோதனைக்குப் பல நாடுகளில் பச்சை மூடி டியூபில், அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரினில் போகிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மருந்தைத் தேடும் வரை இதில் குறை ஒன்றுமில்லை. மரபணு ஊக்கமருந்தை, அதாவது திறனைக் கூட்டக் குதிரைக்குள் செலுத்திய வெளிமரபணுவைத் தேட ஆரம்பித்தால் அதே டியூப் காலை வாரிவிடும். ஹெப்பாரினும் டிஎன்ஏவைப் போலவே எதிர்மின்னூட்டம் நிறைந்த நீள மூலக்கூறு. டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆரில் வேலை செய்யவேண்டிய நொதி அதில் சிக்கி முடங்கிவிடும். ஹெப்பாரினைச் சிதைக்கும் ஹெப்பாரினேஸ் நொதியைச் சேர்த்து ஓரளவு மீட்கலாம். ஆனால் இருக்கும் சொற்ப டிஎன்ஏவை இன்னொரு படி வழியாகக் கொண்டுபோவது யாருக்கும் பிடித்த வேலையல்ல.

ஆகவே ஊதா மூடி: மி.லி. ரத்தத்துக்கு 1.8 மி.கி. டை-பொட்டாசியம் ஈடிடிஏ. இது கால்சியத்தைப் பிடித்து உறைதலைத் தடுக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே அதைவிட முக்கியம், மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்வது. ரத்தத்தில் டிஎன்ஏவைத் தின்னும் நொதிகளுக்கு மக்னீசியம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவை அடங்கிப்போகும். சிவப்பு மூடி சீரம் டியூப் இந்த வேலைக்கே ஆகாது. ரத்தம் கட்டியாகும்போது வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டிவிடும்.

அந்தக் கொட்டல்தான் இந்தத் துறையின் முதல் எதிரி. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குதிரை ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 8,000 வெள்ளணுக்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 6 பிக்கோகிராம் டிஎன்ஏ. ஆக ஒரு மி.லி. ரத்தத்தில் வெள்ளணுக்களுக்குள் பூட்டிக்கிடப்பது 48 மைக்ரோகிராம். பிளாஸ்மாவில் இயல்பாக மிதப்பதோ சில நானோகிராம்தான். ஆயிரத்தில் ஒரு வெள்ளணு உடைந்தாலே 48 நானோகிராம் உள்ளே வந்து சேரும். நாம் தேடுவது அந்தச் சில நானோகிராமுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சில பிரதிகள்.

தேடுவது எதை? ஈபிஓ (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவது), வளர்ச்சி ஹார்மோன், ஐஜிஎஃப்-1 போன்ற புரதங்களுக்கான மரபணுவை பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்திலோ அடினோ-சார் வைரஸிலோ ஏற்றி ஊசி போட்டிருந்தால், அதில் பொதுவாக இன்ட்ரான்கள் இருக்காது. குதிரையின் சொந்த மரபணுவில், புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் எக்ஸான்களுக்கு நடுவே அந்தக் குறிப்பு இல்லாத இன்ட்ரான்கள் உண்டு. எக்ஸானும் எக்ஸானும் நேரடியாக ஒட்டும் இடத்தைக் குறிவைத்து பிசிஆர் செய்தால் வெளியிலிருந்து வந்தது மட்டும் பெருகும். ஜப்பானின் உட்சுனோமியாவில் உள்ள பந்தய வேதியியல் ஆய்வகமும், இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டுக்கு அருகே ஃபோர்டமில் உள்ள எல்ஜிசி ஆய்வகமும் இந்த வகைச் சோதனைகளில் நிறைய உழைத்திருக்கின்றன. மரபணுவைச் சுமந்துவரும் வைரஸின் முதுகெலும்பை, அதாவது அதன் சொந்த டிஎன்ஏவை மட்டும் குறிவைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: குதிரை ஃப்ளூ காய்ச்சலுக்குப் போடும் ப்ரொடெக்ஃப்ளூ தடுப்பூசியே கேனரிபாக்ஸ் வைரஸில் மரபணு ஏற்றியதுதான். அந்த வைரஸைக் குறிவைத்தால் தடுப்பூசி போட்ட குதிரையும் குற்றவாளியாகிவிடலாம்.

ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பாதி விஷயம் தீர்ந்துவிடுகிறது. மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வலுவாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். ஹீம் வெளிவந்து பிசிஆரைத் தடுக்கும். டியூப் நிரம்பியதும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். குலுக்கக்கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பனிக்கட்டிமேல் நேரடியாக வைத்தால் சுவரோரம் உறைந்து அணுக்கள் உடையலாம். நடுவில் ஒரு துணியோ அட்டையோ போடுங்கள்.

குதிரைக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. மனித ரத்தத்தில் பழகியவர்கள் இரண்டிலும் ஒருமுறையாவது மாட்டுவார்கள். ஒன்று, குதிரையின் சிவப்பணுக்கள் நாணய அடுக்குபோல ஒட்டிக்கொண்டு மிக வேகமாக அடியில் படியும். டியூபை நிற்கவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மேலே மஞ்சள், கீழே சிவப்பு. அந்த நிலையில் மேலிருந்து உறிஞ்சி 'முழு ரத்தம்' என்று பிரித்து வைத்தால், ஒரு குப்பியில் வெறும் பிளாஸ்மா, இன்னொன்றில் வெறும் அணுக்கள். முழு ரத்தம் பிரிக்கும்போது ஒவ்வொரு உறிஞ்சலுக்கு முன்பும் கவிழ்த்துக் கலக்கவேண்டும். இரண்டு, ஓடும் குதிரையின் மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் தள்ளும். ஓய்வில் 40 சதவீதம் அளவில் இருக்கும் சிவப்பணுப் பங்கு, பந்தயத்துக்குப்பின் 60 சதவீதத்தைத் தாண்டலாம். ஓய்வில் 10 மி.லி. டியூபிலிருந்து பத்திரமாக எடுக்க முடிவது 5 மி.லி. பிளாஸ்மா என்றால், ஓடி வந்த உடனே எடுத்ததில் 3 மி.லி. கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏ (முதல் சோதனை), பி (மறுசோதனை) மாதிரிகள் இரண்டுக்கும் போதுமான அளவு வேண்டுமென்றால் டியூப் எண்ணிக்கையை இந்தக் குறைந்த கணக்கை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

எடுத்த ரத்தத்தை 4 டிகிரியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது நல்லது. மறுநாள் கூரியரில்தான் போகும் என்றால் மைதானத்திலேயே ஒரு சிறிய சென்ட்ரிஃபியூஜ் வைப்பது என் பார்வையில் மிகப் பயனுள்ள செலவு. இல்லாவிட்டால் ஸ்ட்ரெக் போன்ற, அணுக்களை உடையாமல் நிறுத்திவைக்கும் டியூப். 14 நாள் தாங்கும் என்று அதில் எழுதியிருப்பது மனித ரத்தத்துக்கு. குதிரைக்கு ஆய்வகம் தானே சோதித்து உறுதிசெய்யவேண்டும். அதைப் பழக்கதோஷத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். 6 முதல் 37 டிகிரிதான் அதற்கு.

சுழற்றுவது இரண்டு தடவை. முதலில் 1,600 ஜி (புவியீர்ப்பைப்போல 1,600 மடங்கு விசை), பத்து நிமிடம், 4 டிகிரி, பிரேக் இல்லாமல். பிரேக் போட்டால் நடுவில் உள்ள வெள்ளணுப் படலம் கலைந்து மேலேறும். அந்தப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டுவிட்டுப் பிளாஸ்மாவை எடுத்து, 16,000 ஜி-யில் இன்னொரு பத்து நிமிடம். மிச்ச அணுக்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டாவது சுற்றை நேரமில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. உறைந்து உருகும்போது அந்த மிச்ச அணுக்கள் உடைந்து, மேலே போட்ட கணக்கை நிஜமாக்கிக் காட்டும்.

பிளாஸ்மாவை அரை மி.லி. அல்லது ஒரு மி.லி.யாக, டிஎன்ஏ ஒட்டாத பிளாஸ்டிக் குப்பிகளில் பிரித்து, மேலே பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு மைனஸ் 80 டிகிரியில் வைக்கவேண்டும். லேபிளை உறைவதற்கு முன், காய்ந்த குப்பியில் ஒட்டுங்கள். பனி படிந்தபின் எதுவும் ஒட்டாது. மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டால் அழிந்துவிடும். தானாகப் பனி நீக்கும் மைனஸ் 20 வீட்டு ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். பனியை உருக்க அது அவ்வப்போது சூடேறும்போது குப்பியும் சேர்ந்து வெதுவெதுப்பாகும். வைரஸ் உறைக்குள் இருக்கும் டிஎன்ஏ ஓரளவு தாங்கும்; வெறும் பிளாஸ்மிட் ஒவ்வொரு உருகலிலும் அடிவாங்கும். உலர்பனியில் அனுப்பினால் நாளொன்றுக்கு 2 முதல் 5 கிலோ ஆவியாகும் என்று வைத்து, பயணம் ஒருநாள் தாமதமானாலும் மிஞ்சும்படி நிரப்பவேண்டும்.

ஏ, பி பிரிப்பு உறைவதற்கு முன்பே நடக்கவேண்டும். 'முழு ரத்தத்தை அப்படியே உறையவைத்து வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது கேட்க எளிது. உறைந்து உருகிய முழு ரத்தத்திலிருந்து பிளாஸ்மா என்று ஒன்றை இனி பிரிக்க முடியாது. ஏ, பி இரண்டையும் வெவ்வேறு மின்சுற்றில் உள்ள ஃப்ரீசர்களில் வையுங்கள். ஒரே ஃப்ரீசரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பி மாதிரி, மின்சாரம் போன இரவில் ஏ-வோடு சேர்ந்தே போய்விடும். நேர்மறைக் கட்டுப்பாட்டுக்கு, அதாவது சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் பிளாஸ்மிட்டை மாதிரிகள் இருக்கும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. அதில் ஒரு துளியின் தெறிப்பில் கோடிக்கணக்கான பிரதிகள் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டு டிஎன்ஏவில் அடையாளத்துக்கு ஒரு செயற்கைத் துண்டைச் செருகிவைத்தால், மாசு வந்தாலும் வரிசையைப் படித்து இது நம்முடையதுதான் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பிளாஸ்மா எடுத்தபின் மிஞ்சும் வெள்ளணுப் படலத்தைக் குப்பையில் போடுகிறார்கள். வேண்டாம். மரபணுத் திருத்தத்தைப் பிளாஸ்மாவில் மிதக்கும் வெளிமரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அர்ஜென்டினாவில் 2024-இல், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவைத் திருத்திய போலோ குதிரைக் குட்டிகள் குளோனிங் மூலம் பிறந்தன. அப்படி ஒரு குட்டியைச் சோதிக்க அதன் சொந்த மரபுத்தொகுதி வேண்டும், பெற்றோருடையதும் வேண்டும். குளோனில் இன்னொரு தடயமும் இருக்கிறது: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முட்டை கொடுத்த குதிரையிடமிருந்து வருவது, பதிவேட்டில் தாய் என்று எழுதிய குதிரையிடமிருந்து அல்ல. இந்த இரண்டையும் பார்க்க 200 மைக்ரோலிட்டர் வெள்ளணுப் படலம் தாராளம். அதே குப்பி எண்ணோடு, தனிப் பெட்டியில், மைனஸ் 80-இல்.