கன்னத்தில் கேட்கும் ஸ்பிரிங்

ஜூன் 9

துப்பாக்கிப் பயிற்சியில், நின்றபடி சுடும் சுற்றில் ஒவ்வொரு தோட்டாவுக்குப் பின்னும் அந்த ஒலி வந்தது. வெடிச்சத்தம் அடங்குவதற்குள், தம்புராவின் தளர்ந்த தந்தியைத் துணி போட்டு மூடி மீட்டியதுபோல, வலக் கன்னத்துக்குள் ஒரு நீண்ட அதிர்வு. பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். தமக்கு எதுவும் கேட்கவில்லை என்றார்.

ஜூன் 10

அவருக்குக் கேட்காதது இயல்பே. பழைய ஏ2 அமைப்பிலுள்ள ஏஆர்-15 துப்பாக்கியில், தோளில் பதியும் பின்கட்டைக்குள் ஓடும் அலுமினியக் குழாயில்தான் ஸ்பிரிங்கும், அதன் முன்னால் நின்று அதிர்ச்சியைத் தாங்கும் பஃபர் என்ற துண்டும் இருக்கின்றன. தோட்டா அறையை மூடும் போல்ட் சுட்டதும் பின்னால் பாயும்போது ஸ்பிரிங் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. அதிர்ச்சி ஓர் அலையாகச் சுற்றுக்குச் சுற்று தாவி முன்னும் பின்னும் ஓட, சுற்றுகள் குழாயின் சுவரில் உரசுகின்றன. கன்னம் அந்தக் கட்டையின் மேலேயே அழுந்தியிருப்பதால், அதிர்வு தாடை எலும்பின் வழியாக நேரே உள்காதுக்குப் போய்விடுகிறது. காதை அடைத்துக்கொண்டால் அது இன்னும் கூடும், ஏனெனில் வெளியோசை அடங்கிவிடுகிறது, எலும்பு வழி வரும் தாழ்ந்த ஒலிகளும் அடைபட்ட காதுத்துளையிலிருந்து வெளியேற முடிவதில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நேற்றிரவு தூக்கம் வரவில்லை. ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

ஜூன் 13

காது மருத்துவரிடம் 27ஆம் தேதிக்குத்தான் நேரம் கிடைத்தது.

ஜூன் 14

துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுப் பின்கட்டைப் பகுதியைத் திறந்தேன். பஃபரைத் தடுத்து நிற்கும் சிறு முளையை விரலால் அழுத்தியதும், பஃபர் ஸ்பிரிங்கோடு உள்ளங்கையில் வந்து மோதியது. ஸ்பிரிங்கை மேசைமேல் கிடத்தி அளந்தேன்: 12 அங்குலத்துக்குச் சற்று மேல். ரைஃபிள் ஸ்பிரிங் 11¾ முதல் 13½ அங்குலத்துக்குள் இருந்தால் போதும் என்பதால், தளர்ச்சி என்ற பயம் தீர்ந்தது. ஆனால் நடுச்சுற்றுகளின் வெளிப்புறத்தில் மட்டும் உலோகம் கண்ணாடிபோல் பளபளத்தது, வேறெங்கும் அப்படி இல்லை. உரசல் நடக்கும் இடம் அதுவே.

பஃபரைக் காதருகே குலுக்கினால் உள்ளே எடைக்கட்டிகள் நகர்ந்து தட்டுகின்றன. இது குறையன்று. போல்ட் மூடியதும் துள்ளித் திரும்பாதபடி, ஒரு நொடிப்பங்கு தாமதித்து வந்து முட்டுவதற்கென்றே அவை தளர்வாக வைக்கப்பட்டுள்ளன. இதே துப்பாக்கியின் ராணுவ வடிவமான எம்16இன் முதல் பஃபரில் இந்த எடைகள் இல்லை. வளைய ஸ்பிரிங்குகள் அடுக்கிய இலகுவான பஃபர் அது. 1960களில் தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியதும் தொடர்ந்து சுடும் வேகம் ஏறிவிட்டது, அதன் பின்னரே இந்தக் கனமான பஃபர் வந்தது. தட்டும் ஒலியும் உரசும் ஒலியும் வெவ்வேறு. என்னை வாட்டுவது இரண்டாவதுதான்.

ஜூன் 17

இந்த ஒலி ஒரு நல்ல யோசனைக்கு நாம் கொடுக்கும் விலை. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் துப்பாக்கியில் ஸ்பிரிங் குழலுக்கு அடியில், முகத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஏஆர்-15ஐ வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் பின்னுதைப்பைத் தோளுக்கு நேர்கோட்டில் இறக்கி, குழல்முனை எகிறுவதைக் குறைத்தார். அந்த நேர்கோட்டில்தான் ஸ்பிரிங்கும் வந்து உட்கார்ந்தது, சுடுபவனின் கன்னமும் அங்கேயே வந்து படிந்தது. 200 கஜத்தில் விரைவுச் சுற்று சுடும்போது குறி இலக்கைவிட்டு அதிகம் விலகாமல் திரும்பி வருவதை ஒருமுறை அனுபவித்தவர், இந்த விலை அதிகம் என்று சொல்லமாட்டார்.

ஜூன் 18

இரவில் இடது காதில் மெல்லிய ரீங்காரம். துப்பாக்கி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

ஜூன் 20

குழாயைத் துணியால் துடைத்து, ஸ்பிரிங்கில் விரல்நுனியளவு கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினேன். ஒலியின் நீளம் பாதியாகக் குறைந்தது. வியட்நாமில் இதே இனத் துப்பாக்கியைச் சுமந்த முதியவர் ஒருவர் சுடுதளத்தில் பார்த்துவிட்டு, "இதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம், அழுக்கெல்லாம் அங்கே போய்ச் சேரும்" என்றார். பின்கட்டையின் மேற்புறத் திருகாணியில் துளை இருப்பதையும் அவரே காட்டினார். குழாயில் புகுந்த நீர் வடிவதற்கான வழி அது. இத்தனை காலம் துடைத்தும் அதன் பயனை நான் யோசித்ததில்லை.

ஜூன் 22

வலக்கைக்காரன் சுடும்போது முகம் சாய்ந்து, இடது காது குழல்முனையைப் பார்க்கிறது. வலது காது தலையின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது. 140 டெசிபலைத் தாண்டும் வெடியோசையின் பெரும்பங்கை வாங்குவது இடது காதுதான். ஸ்பிரிங் ஒலி வலக் கன்னத்தில், ரீங்காரம் இடது காதில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஸ்பிரிங்கின்மேல் பழி போட எனக்கு எவ்வளவு ஆசை என்பதை இதை எழுதும்போது உணர்கிறேன். "ஏங்க, நீங்கள் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்புகிறீர்கள்" என்று மனைவி சொன்னாள்.

ஜூன் 24

தட்டைக்கம்பி ஸ்பிரிங் வாங்கலாமா? கம்பி தட்டையானால் ஒலியின் தன்மை மாறும் என்கிறார்கள். போட்டிக்கு முன் பழகிய பொருளை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கப்போவதில்லை.

ஜூன் 27

முதலில் ஹெட்ஃபோனில் ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள், பிறகு காதின் பின்னெலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து அழுத்தினார்கள். எனக்கு உடனே பின்கட்டை நினைவுக்கு வந்தது. கேள்திறன் வரைபடத்தில் இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியிருக்கிறது. எலும்பு வழியாகக் கேட்டாலும் அதே பள்ளம். அப்படியானால் பாதிப்பு உள்காதில், அது திரும்பி வராது. இனி காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்தே அணிய வேண்டும் என்றார் மருத்துவர். சுடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 29

இரட்டைக் காப்போடு சுட்டேன். ஸ்பிரிங் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது, அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. 300 கஜ விரைவுச் சுற்றில், இரண்டு தோட்டாக்கள் போட்ட மேகஸின் தீர்ந்ததும் போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும், நிற்கவில்லை. நாளை முதலில் மேகஸினை மாற்றிப் பார்க்கிறேன், அதிலும் சரியாகாவிட்டால் கிரீஸைத் துடைத்துவிட்டு