பரணில் கிடந்த ஸ்பெக்ட்ரம்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

அம்மா எங்களோடு வந்து இருக்கத் தொடங்கி இரண்டு மாதம். லண்டன் டூட்டிங் வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது. இன்று பரணை ஒழிக்கப் போனேன். அப்பாவின் இரவு வேலைக் கோட், பிடி உடைந்த இடியப்ப உரல், வட்டமாய்ச் சுற்றிக் கட்டிய ஒரு கட்டுக் கோயில் கலண்டர். அதற்குப் பின்னால், அம்மாவின் பழைய வீட்டுச் சேலையில் சுற்றியபடி, எங்கள் சின்ன வயதுக் கம்பியூட்டர், சின்கிளேர் ஸ்பெக்ட்ரம்.

கறுப்பு உடம்பு, அழிறப்பர் மாதிரிக் கீகள், வலது மூலையில் வானவில் கோடு. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை விடக் கொஞ்சம்தான் பெரிது. 1982 ஏப்ரலில் இது வெளிவந்தபோது 48 கே மெமரி உள்ள மாடல் 175 பவுண்ட். எங்களுக்கு வந்தது 1985இல், அப்பாவோடு வேலை செய்த ஒருவரிடமிருந்து 40 பவுண்டுக்கு. ஊரில் இருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்குவித்தோம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்லித்தான் வாங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

பெட்டிக்குள் ஒரே ஒரு கசெற். அண்ணாவின் கையெழுத்தில் இரண்டு கேமின் பெயரும், ரேப்பில் அவை தொடங்கும் இலக்கமும்: 000 மனிக் மைனர், 055 ஜெட் செட் வில்லி. கசெற்றின் மேல்விளிம்பில் பழுப்பேறிய செலோரேப் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதைக் கண்டதும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வெளியே கை ஃபோக்ஸ் (Guy Fawkes) நாள் வாணவெடி. அம்மாவுக்கு அந்தச் சத்தம் இன்றுவரை பிடிக்காது. ரீவியைக் கூட்டி வைத்துக்கொண்டு இருக்கிறா.

அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றிப் பார்த்தேன். கீபோர்டின் உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் காய்ந்து, கையில் எடுத்ததும் சருகுபோல் ஒடிந்துவிட்டது. நாற்பது வருடப் பொருளில் அனேகமாக எல்லோருக்கும் இதுதான் நடக்கிறதாம். புதிது இன்றும் செய்து விற்கிறார்கள், ஓடர் பண்ணிவிட்டேன்.

பவரில்தான் கவனம் வேண்டும். இதன் 9 வோல்ட் பிளக்கில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். வீட்டில் கிடக்கும் வேறொரு அடப்டரைச் செருகினால் அநேகமாக எதிர்மாறாக இருக்கும், கதை முடிந்தது. மீற்றரை வைத்து இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் செருகினேன்.

மெமரிச் சிப்புகளைப் பார்த்துக்கொண்டே கனநேரம் இருந்துவிட்டேன். கீழ் 16 கே-க்கு எட்டுச் சிப், மேல் 32 கே-க்கு இன்னொரு எட்டு. இந்த இரண்டாவது எட்டும் 64 கிலோபிற் சிப்புகளாகப் பிறந்தவை. ஒரு பாதி பழுதாய்ப் போனதால் மலிவாகக் கிடைத்தவற்றை வாங்கி, நல்ல பாதியை மட்டும் பாவித்திருக்கிறார்கள். தக்காளியில் அழுகின பக்கத்தை வெட்டிப்போட்டு மிச்சத்தைக் கறிக்குப் போடும் அம்மாவின் வேலைதான். விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட பாதிச் சிப்பில்தான் என் பன்னிரண்டு வயது முழுக்க ஓடியது.

நவம்பர் 9, சனி

தாள் வந்தது, பூட்டியாயிற்று. பழைய ஏரியல் வழியைக் கைவிட்டு, உள்ளே இரண்டு வயரை மாற்றி, வீடியோவை நேரே புது ரீவிக்குக் கொடுத்தேன். வெள்ளைத் திரை. அடியில் கறுப்பில் '1982 சின்கிளேர் ரிசேர்ச் லிமிற்றெட்'. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அப்பா?" என்றாள்.

இவ்வளவுதான். மொத்தம் 49,152 பைட். அதிலும் திரைக்கே 6,912 போய்விடும். புள்ளிகளுக்கு 6,144, நிறத்துக்கு வெறும் 768. எட்டுக்கு எட்டுப் புள்ளி உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறம்தான். அதனால் சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளை மனிதன் போய் நின்றால், ஒன்று அவன் சிவப்பாவான் அல்லது சுவர் வெளுக்கும். அப்போது அதை ஒரு குறையாக நாங்கள் நினைக்கவேயில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கொமடோர் 64 என்ற வேறு கம்பியூட்டர் இருந்தது. அதில் நிறம் இப்படி ஒட்டாது, பாட்டும் நல்லாய் இருக்கும். ஆனாலும் அவனோடு சண்டை பிடித்தோம். கட்சி என்றால் கட்சி.

ஜே கீயை அமத்தினேன். எழுத்து வரவில்லை, LOAD என்று முழுச் சொல் ஒன்று வந்தது, கசெற்றில் இருந்து கேமை ஏற்றச் சொல்லும் கட்டளை. ஸ்பெக்ட்ரமில் அப்படித்தான், ஒரு கீக்கு ஒரு சொல். பிறகு சிம்பல் ஷிஃப்டோடு பீ, பீ. மேற்கோள் குறி இரண்டு. விரல் தானாகவே போயிற்று. நேற்று எங்கே மூக்குக்கண்ணாடியை வைத்தேன் என்பது ஞாபகமில்லாத ஆளுக்கு.

இந்த மாதம் 22ஆம் தேதி இதே உருவத்தில் புதிதாக ஒன்று வருகிறதாம், கேம்கள் உள்ளேயே இருக்குமாம். "அதை வாங்குங்கோவன்" என்கிறாள் மகள். வாங்கலாம்தான். ஆனால் அதற்குக் கசெற் போட வாயில்லையே.

நவம்பர் 10, ஞாயிறு

செலோரேப் கதை.

அப்போது ஊருக்குப் போன் எடுப்பது லேசில்லை. அம்மம்மா கசெற்றில் கதைத்து, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவா. வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் சுற்றி இருந்து கேட்போம். கேட்டு முடிந்ததும் அப்பா ஒரு ஸ்க்ரூட்ரைவரால் கசெற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் உடைத்துவிடுவார். பல் இல்லாவிட்டால் ரெக்கோட் பட்டன் இறங்காது. அழியாமல் இருக்க அவர் செய்த பூட்டு.

அந்த ஓட்டையில் செலோரேப் ஒட்டினால் பூட்டுத் திறந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லிக் கொடுத்தான்.

வெறும் கசெற் வாங்கக் காசில்லை. மனிக் மைனரை ஒரு நாள் மட்டும் தருகிறேன் என்று இன்னொருவன் சொல்லியிருந்தான். லிவர்பூல் பக்கத்து மத்தியூ ஸ்மித் 17 வயதில் எழுதிய கேம் அது. இருபது குகை, குறைந்துகொண்டே போகும் காற்று, விளையாடும்போதே கொர கொர என்று ஒரு பாட்டு. ஒரு நாள்தான். அண்ணா என்னைப் பார்த்தான், நான் அலுமாரியைப் பார்த்தேன்.

ஜெட் செட் வில்லிக்கு வேறு வேலையும் இருந்தது. கொப்பி அடிக்காமல் இருக்க 180 கட்டம் உள்ள நிற அட்டை ஒன்றை அதோடு தந்திருந்தார்கள். தொடங்கும்போது ஒரு கட்டத்தைச் சொல்லி, அதன் நான்கு நிறங்களைக் கேட்கும். இரண்டு இரவு இருந்து கலர்ப் பென்சிலால் முழுவதையும் பார்த்துக் கீறினோம். அப்பா வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் கணக்குப் படிக்கிறார்கள் என்று விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கசெற்றைப் பிறகு அப்பா ஒரு தரம் தேடினார். காணவில்லை என்றோம். 87இல் அம்மம்மா போய்விட்டா.

நவம்பர் 16, சனி

ரேப் ரெக்கோடரின் பெல்ற் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்து, வேறு பெல்ற் போட்டேன். முதல் இரண்டு தரமும் 'ரேப் லோடிங் எரர்'. ரேப்பைப் படிக்கும் தலையின் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினேன். மூன்றாம் தரம் திரை விளிம்பில் சிவப்பும் நீலப்பச்சையுமாக அகலப் பட்டைகள், பிறகு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள். இந்த ஒழுங்கைக் கண்டால் சரி. சில நிமிடத்தில் மனிக் மைனர் வந்துவிட்டது. மூன்றாம் குகையில் செத்தேன். நல்ல கணக்குத்தான்.

அடுத்தது வில்லி. 055க்குச் சுற்றினேன். இந்த ரெக்கோடரின் இலக்கம் பழையதோடு ஒத்துவரவில்லைப் போலிருக்கிறது, கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. பரவாயில்லை என்று பிளே அமத்தினேன்.

விளிம்பில் சிவப்பும் நீலப்பச்சையும் வந்தன. ஆனால் பட்டையாக இல்லை. சிதறி, கூடி, ஒரு கணம் நின்று, திரும்பவும் படபடத்து. இப்படி எந்தக் கேமும் வராது. ரேப் நைந்துவிட்டது என்று நினைத்து ரெக்கோடரின் இயர் பிளக்கை இழுத்தேன். அது செருகியிருக்கும் வரை ஸ்பீக்கர் பேசாது.

"...கறுத்த ஆடு மூண்டு குட்டி போட்டது பிள்ளை. ஒண்டை உங்கட பேரில விட்டிருக்கிறன்..."

அண்ணா இரண்டு கேமும் முட்டக்கூடாது என்று நடுவில் இடம் விட்டிருக்கிறான். அந்த இடத்தில் அவ இருந்திருக்கிறா.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றா. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"மூண்டோ?" என்றா. "எனக்கு ரண்டெண்டெல்லே எழுதினவ."

பதில் சொல்ல வாயெடுத்தேன். "பிள்ளையளுக்குக் குளிருக்குக் காதை மூடி..." என்று ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பீ என்று வில்லி தொடங்கிவிட்டது.