பழசா, புதுசா?

செகண்ட் ஹேண்ட் டிராக்டர் இரண்டில் எதை வாங்குவது? மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். ஒன்று 2009 மாடல் மாஸி 1035, இரண்டே முக்கால் லட்சம். இன்னொன்று 2018 மாடல், பவர் ஸ்டீயரிங், ஆயில் பிரேக், நாலே முக்கால். எங்களுக்கு இருப்பது ஐந்து ஏக்கர்.

உண்மையைச் சொன்னால் என் மனசு புதுசில்தான் இருந்தது. மீட்டரில் ஓடியது 1,900 மணி நேரம்தான். ஆனால் கிளட்ச் பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது, மீட்டரை நம்ப முடியவில்லை. பின்னால் மாட்டியிருந்த ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) தூக்கி வைத்து இன்ஜினை அணைத்தேன். புரோக்கர் டீ வாங்கி வருவதற்குள் அது தரையைத் தொட்டுவிட்டது, தூக்கும் ஹைட்ராலிக் சரியில்லை. (டீ நன்றாக இருந்தது.) ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கடனும் ரத்தாகவில்லை. "அதெல்லாம் பார்த்துக்கலாம்ணே" என்றார்.

பழசை விடியற்காலையில், இன்ஜின் சூடாகும் முன் போய்ப் பார்த்தோம். முதல் சாவியிலேயே பிடித்தது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி மட்டும், புகை தள்ளவில்லை என்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. 15 வருடம் முடிந்துவிட்டதால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். அதைச் சொல்லியே முப்பதாயிரம் குறைத்தார் அப்பா.

ஸ்டீயரிங்தான் கல். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஓட்டப்போவது நான்தானே! சரி, வெள்ளிக்கிழமை பழசுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம்.